பச்சை முந்திரியின் தோல்

எங்கள் காட்டில், கிணற்றுக்கு மேற்கே, ஒரே ஒரு முந்திரி மரம் இருந்தது. அதன் கொட்டையைச் சுட்டுத் தின்பதென்றால் எனக்கு உயிர். சுடாமல் உடைக்கக் கூடாது; பச்சைத் தோலுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் நம் தோல் வெந்து கொப்பளித்துவிடும். எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அக்காதான்.

அந்த வருஷம் அக்கா பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தபாலுக்குக் காத்திருந்தாள். அப்பா காத்திருக்கவில்லை. மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்கு கொட்டைகளைக் கொண்டுபோய்ச் சுட்டுத் தரச் சொன்னேன். அக்கா அடுப்பைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்துப் பச்சையாகவே பல்லால் கடித்து உடைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது உதடு தடித்து, மோவாயெல்லாம் கொப்புளம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏம் புள்ளே, அறிவிருக்குதா உனக்கு? நாளைக்கு ஊட்டுக்கு ஆளுங்க வாராங்களே!”

“பாப்பா அழுதாம்மா, அதான்.”

நான் அழவே இல்லை. ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அதனால் அக்கா சொன்னது மெய்யாகிவிட்டது.

மாமா பஸ் ஏறிப் போய், “பொண்ணுக்கு மேலுக்கு முடியலைங்க, பதினஞ்சு நாள் பொறுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் பொறுக்கவில்லை. அதற்குள் நாமகிரிப்பேட்டையில் வேறொரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள்.

அக்காவுக்குக் கருகிய தோல் செதில் செதிலாக உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் வந்தது. அந்த வாரமே பயிற்சிக்கான கடிதமும் வந்தது. கைவசம் மாப்பிள்ளை இல்லாத நிலையில் அப்பா, “செரி, படிச்சுட்டு வரட்டும்” என்றார். தலைமையாசிரியையாக ஓய்வு பெறும்வரை அக்கா பள்ளிக்கூடத்தை விடவில்லை.

அவள் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிற்குமிடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “என்னாலதானக்கா உனக்கு இப்படி ஆச்சு? இனிமே கொட்டையே கேக்க மாட்டேன்.”

“நீ கேட்டதே நல்லதாப் போச்சு, சாமி” என்று அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இவ்வளவு பெரிய தப்பைக்கூட மன்னித்துவிட்டாளே என்று நெகிழ்ந்துபோய், பஸ் மறையும்வரை கையாட்டிக்கொண்டே நின்றேன்.