திரும்பி வந்த பாணும் ஒரு விண்ணப்பமும்

விண்ணப்பதாரர் கையேடு, நான்காம் பிரிவு, இரண்டாம் பந்தி: "பட்டம் பெறாத விண்ணப்பதாரர்கள், தொடர்புடைய துறையில் மூன்று வருடங்களுக்குக் குறையாத அனுபவமும், அந்த அனுபவத்தை வைத்துத் தாமே தயாரித்த ஓர் ஆய்வறிக்கையும் இருப்பின், தகுதியுடையவர்களாகக் கருதப்படுவர். முடிவு, விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் அறிவிக்கப்படும்."

இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது. கண்டியில் ஒரு திணைக்களத்தில் முப்பத்துநான்கு வருடங்கள் இருந்து நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். விதிகளை எழுதியிருக்கிறேன், அவற்றை வைத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். இந்தப் பந்தியை மூன்று தடவை வாசித்தும் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அப்படியிருந்தும் என் மகளின் விண்ணப்பம் போன இடம் தெரியாமல் கிடந்தது. அது அப்படிக் கிடந்ததில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை.

மகளுக்கு இருபத்தெட்டு வயது. உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறுதான், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. கெலிஓயாவில் ஒரு பேக்கரியின் அலுவலகத்தில் வேலை. பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் ஏழு அந்தப் பேக்கரிக்கு உண்டு. எந்த வண்டியில் எத்தனை பாண் ஏறியது, எத்தனை திரும்பி வந்தது என்று வண்டி ஓட்டுபவர்கள் எழுதிப் போடும் துண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பது அவள் வேலைகளில் ஒன்று. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, தான் தரவு விஞ்ஞானியாகப் போவதாகச் சொன்னாள்.

"எந்தச் சேவை?" என்றேன்.

"என்னப்பா எந்தச் சேவை?"

"ஆட்சேர்ப்புத் திட்டம் ஒண்ணு இருக்கும்ல. தரம் மூணுல சேரணும், அப்புறம் வினைத்திறன்காண் தடைப் பரீட்சை..."

"அப்படி ஒண்ணும் கெடயாது. படிக்கணும், வேல செஞ்சு காட்டணும். அவ்வளவுதான்."

"யார்கிட்ட காட்டணும்?"

"கேக்குறவங்ககிட்ட."

மனைவி தேநீரை மேசையில் வைத்தாள். "புள்ள படிக்கிறேன்னு சொல்லுது. இவருக்கு அதுக்கும் சுற்றறிக்கை வேணும்" என்றாள்.

சுற்றறிக்கை கேட்டது பிழை என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. வைத்தியர் எப்படி வைத்தியராகிறார் என்று எனக்குத் தெரியும். நில அளவையாளர், கிராம உத்தியோகத்தர், மலேரியா மருந்தடிப்பவர், எல்லோருக்கும் ஒரு படிக்கட்டு உண்டு. இந்த உத்தியோகத்துக்கு மட்டும் மாடி இருக்கிறது, படிகளைக் காணவில்லை. மகளிடம் கேட்டால் ஒருநாள் புள்ளிவிபரவியல் முக்கியம் என்பாள். மறுநாள் கணினிமொழி என்பாள். அடுத்த வாரம், "இது ரெண்டும் இல்லப்பா, பாண் வியாபாரம் தெரியணும், அதுதான் முக்கியம்" என்பாள். மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் கோப்பில் போட்டேன். எதை முதலாவதாக எழுதுவது என்று தெரியாததால் இலக்கம் போடவில்லை.

அவள் படித்த விதமும் எனக்கு விளங்கவில்லை. காலை பஸ்ஸில் கெலிஓயா போகும்வரை காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். மாலையில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறப்பாள். பத்து வரி எழுதுவாள், சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வரும், சிரிப்பாள். ஒரே பிழையோடு பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் வேறொரு பிழை வந்ததும், "அப்பா, முன்னேற்றம்!" என்றாள். எங்கள் அலுவலகத்தில் இப்படி முன்னேறியவர்களைத் தூர இடத்துக்கு மாற்றுவோம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கையேட்டை வெளியிட்ட கல்வி நிறுவனத்தில் தரவு விஞ்ஞானப் பட்டப்பின் டிப்ளோமாவுக்கு அனுபவப் பிரிவின் கீழ் ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் வெளிவாரிப் பட்டம் ஒன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் முப்பத்துமூன்று வயதாகிவிடும். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, தாயிடம் சொன்னாள்.

அனுபவக் கடிதத்துக்காக நானும் அவளோடு கெலிஓயா போனேன். முதலாளி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

"என்ன எழுதோணும் செல்லுங்க சேர், நான் ஒப்பம் வெக்கிறன்."

"தொடர்புடைய துறையில அனுபவம்னு கேக்குறாங்க."

"பாண் தொடர்புடைய தொற இல்லையா?"

பாண் எந்தத் துறையோடு தொடர்புடையது என்று கையேட்டில் சொல்லப்பட்டிருக்கவில்லை. கடைசியில், "நாளாந்த விநியோகத் தரவுகளைப் பேணுதலும் பகுப்பாய்தலும்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். முதலாளி வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், எங்கட பேக்கரியில இதெல்லாம் நடக்குதா?" என்றார்.

ஆய்வறிக்கைக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிது. எந்த நாளில், எந்தப் பாதையில் எத்தனை பாண் விற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? திரும்பி வரும் பாணை மறுநாள் ரஸ்க் போடுகிறார்கள். ஆனால் ரஸ்க்குக்கும் ஓர் அளவு உண்டு. மூன்று வருடத் துண்டுச் சீட்டுகள் பழைய சீனி மூட்டை ஒன்றில் இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு: ஏற்றியது, திரும்பியது, வானிலை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். அவள் வேலைக்குப் போகிறவள். நான் வீட்டில் சும்மா இருக்கிறவன்.

"இருக்கிறத மட்டும் அடிங்கப்பா. நீங்களா ஒண்ணும் சேக்க வேணாம்" என்றாள்.

ஆறு வாரம் அடித்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கி நான்கேகாலுக்கு முடிப்பேன், நடுவில் பகல் இடைவேளை. ஓய்வுபெற்ற பிறகு இவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. மாதம் மாதமாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஓர் அட்டை வைத்தேன். மகள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்" என்று சொல்லிப் போனாள்.

அறிக்கை எழுதும் வாரத்தில் அவள் கொஞ்சம் குழம்பினாள். "தவுலகல பாதைய பாருங்க. மழ நாள்ல எல்லாப் பாணும் வித்துப்போகுதுன்னு வருது. வெயில் நாள்ல திரும்பி வருது. எனக்கென்னமோ சரியாப் படல்ல."

"ஏன் சரியில்ல? மழன்னா யாரு கடைக்குப் போவாங்க? வாசலுக்கு வர்ற பாணத்தான் வாங்குவாங்க."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் விளக்கத்தையும் அறிக்கையில் ஒரு பந்தியாகச் சேர்த்தாள். முடிவுத் திகதிக்கு முதல்நாள் இணையத்தில் பதிவேற்றினாள். நான் பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இணையத்தை நம்பலாம், ஆனால் பற்றுச்சீட்டு தராத எதையும் நான் முழுதாக நம்புவதில்லை.

பத்து நாள் கழித்து நல்ல மழை. முதலாளி, மகள் காட்டிய அறிக்கையை நம்பியவர். தவுலகல வண்டியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பாண் ஏற்றச் சொல்லியிருக்கிறார். மாலையில் அநேகமாக அவ்வளவும் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் மகள் அலுவலகத்தில் நுழைந்தபோது அவர் பாண் தட்டுகளுக்கு நடுவே நின்றாராம்.

"மகள், ஒங்கட கம்பியூட்டர் செல்லித்தானே ஏத்தின. இப்ப கம்பியூட்டரக் கூட்டிக்கொண்டு வாங்க, பாண் திங்கட்டும்."

வண்டி ஓட்டுபவரைக் கேட்டிருக்கிறாள். மழைக்கு அந்தப் பள்ளத்தில் முச்சக்கர வண்டி இறங்காது, இறங்கினால் ஏறாது என்றாராம். மழை பெய்தால் அவர் பாதி வழியில் நின்று, மழை விடுமா என்று பார்த்துவிட்டு, நேரம் பிந்தித் திரும்பிவிடுவார். பேக்கரிக்கு வரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். பாணை உள்ளே வைத்துவிட்டு, துண்டில் ஒன்றும் எழுதாமல் போடுவார். பாண் ரஸ்க்காகிவிடும். யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை அவள் சீனி மூட்டையை மேசையில் கொட்டினாள். தவுலகல துண்டுகளைத் தனியாகப் பொறுக்கினாள். மடிக்கணினியையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தத் துண்டுல 'திரும்பியது'ங்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. கம்பியூட்டர்ல சைபர் இருக்கு. யாரு போட்டது?"

"நான்தான். வெறுமையா இருந்திச்சு."

"வெறுமையா இருந்தா?"

"சைபர் போடணும். வெறும் கட்டத்தோட ஒரு மாதாந்த அறிக்கை என் மேசையத் தாண்டிப் போனதே இல்ல. மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "எத்தன எடத்துல போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லா எடத்துலயும்" என்றேன்.

உண்மையில் எனக்கு அப்போதும் பிழை முழுதாகப் பிடிபடவில்லை. எழுதப்படாததை இல்லை என்று கொள்வது எங்கள் அலுவலகங்களின் பழக்கம். இல்லாத ஒன்றுக்காக ஒருவர் ஏன் காத்திருக்க வேண்டும்? அவள் ஒரு துண்டைக் கையில் கொடுத்து மெதுவாக விளக்கினாள். இந்த வெற்றிடத்துக்கு அர்த்தம் ஒன்றும் திரும்பவில்லை என்பதல்ல, எத்தனை திரும்பியதென்று நமக்குத் தெரியாது என்பது. தெரியாததை நான் சைபராக்கியதும், எல்லாம் விற்றுப் போயிற்று என்று கணினி படித்துக்கொண்டது. மிகக் கூடுதலாகப் பாண் திரும்பிய நாட்கள், ஒன்றுமே திரும்பாத நாட்களாகிவிட்டன. அதன் மேல் மழையைப் பற்றி என் விளக்கம் வேறு.

"சரி. இப்ப ஒண்ணும் செய்யாத. அனுப்பின ஆவணத்தத் தொடக்கூடாது. முடிவுத் திகதிக்குப் பிறகு திருத்தம் ஏத்துக்க மாட்டாங்க. அவங்க பேக்கரிக்கு வந்து பாண் எண்ணவா போறாங்க?" என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிப்பா விடுறது?"

"நீயா சொன்னா நிராகரிக்க அவங்களுக்குக் காரணம் கெடைக்கும்."

"கெடைக்கட்டும்."

மனைவி அடுப்படியிலிருந்து, "ஆறு வாரம் ஒக்காந்து அடிச்சாரே, அப்பவே கேட்டிருக்கக் கூடாதா ரெண்டு பேரும்?" என்றாள்.

கடிதத்தை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்: "தவிர்க்க முடியாத எழுத்துவினைப் பிழை காரணமாகச் சில பெறுமானங்களில் மாற்றம் ஏற்பட்டுள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது." நல்ல வசனம். யார் செய்தது, என்ன செய்தது என்று எதிரிக்கும் தெரியாது. அவள் அதை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு இப்படி எழுதினாள்: "துண்டுகளில் வெறுமையாக இருந்த இடங்கள் பூச்சியமாக உள்ளிடப்பட்டன. முடிவு எனக்கே சந்தேகமாக இருந்தும் நான் மூலத் துண்டுகளைச் சரிபார்க்கவில்லை. ஆகவே தவுலகல பாதை பற்றிய முடிவு பிழையானது." பூச்சியம் போட்டவர் யார் என்று எழுதவில்லை. எழுது என்று நானும் சொல்லவில்லை.

வெறும் இடங்களை நீக்கி எல்லாவற்றையும் திரும்பச் செய்ய ஒன்பது நாள் ஆனது. புதிய அறிக்கை முதலாவதைவிடச் சிறியது. அதில் பாதிக்கு மேல், எது தெரியாது என்பதைப் பற்றி. இதற்கெல்லாம் ஒரு மனிதருக்குச் சான்றிதழ் தருவார்களா என்று எனக்கு ஐயமாக இருந்தது. ஆனாலும் அவள் அனுப்பினாள்.

முப்பது நாள் முடிந்தது. நாற்பத்தைந்து முடிந்தது. முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டலில் "தயவுசெய்து" என்பதை எடுத்துவிட்டேன். நிறுவனத்துக்கு அழைத்தபோது ஒரு பெண்பிள்ளை எடுத்தார்.

"சிஸ்டத்துல இன்னும் பரிசீலனையிலன்னு காட்டுது சேர்."

"எந்த அறிக்கை பரிசீலனையில? முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டு இருக்கா சேர்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. நேரில் போனேன். விசாரணைக் கருமபீடம் இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. எல்லாம் இணையத்தில் என்று காவலாளி சொன்னார். நான் அனுப்பிய பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டைக் காட்டினேன். அவர் அதை இரு பக்கமும் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

மகளோ வேலைக்குப் போய் வந்தாள். புதிய துண்டு ஒன்றை அச்சடித்திருந்தாள். அதில் "திரும்பியது" என்பதற்குப் பக்கத்தில் "எண்ணவில்லை" என்று ஒரு சிறு பெட்டி. வண்டி ஓட்டுபவர்கள் அதில் சந்தோசமாகக் கோடு போடுகிறார்களாம். முதலாளி ஆரம்பத்தில், "எண்ணாததுக்கும் ஒரு பெட்டியா?" என்று கேட்டாராம். இப்போது மாலையில் ஒருவரை எண்ணுவதற்கென்றே நிறுத்தியிருக்கிறார். வெளிவாரிப் பட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வந்து மேசையில் வைத்திருந்தாள். நிரப்பவில்லை. நானும் தொடவில்லை.

பதில் வந்தபோது அவள் பேக்கரியில் இருந்தாள். தாய்க்குத்தான் முதலில் அழைத்தாள். நான் தொலைபேசியைக் கைநீட்டி வாங்கும்போது தாய் அழுதுகொண்டிருந்தாள், அதனால் என்ன விசயம் என்று விளங்கவில்லை.

"அப்பா, எடுத்துட்டாங்க. அனுபவப் பிரிவுல."

"எந்த அறிக்கைய வாசிச்சாங்க?"

"அது போடல்ல."

"கடிதத்தப் பத்தி?"

"அதுவும் ஒண்ணும் இல்ல. சனி ஞாயிறு வகுப்பு. அவ்வளவுதான் இருக்கு."

அவள் அதை எனக்கும் அனுப்பினாள். நான்கு வரி. பிழையான அறிக்கைக்காக எடுத்தார்களா, திருத்தியதற்காகவா, பிழையென்று தானே சொன்னதற்காகவா, அல்லது எதையும் வாசிக்காமலேயே எடுத்தார்களா என்று அதில் இல்லை. அன்று பகல் அதை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. பிறகு அச்சடித்து, கோப்பில் கடைசித் தாளாகச் சேர்த்து, மேல் மூலையில் கிடைத்த திகதியை எழுதினேன்: பெப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை.