உறைய வைத்த ரத்தத்துக்கு ஒரு கையெழுத்து

அம்முலு, போன செவ்வாய்க்கிழமை உன் ரத்தத்தைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போய்வந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அம்முலு என் மகள், வயது பத்தொன்பது. போன வருஷம் லேசான காய்ச்சல் வந்து சரியானது. பிறகு தூக்கம் போனது. தனியாகப் பேசினாள், என்னையே யாரென்று கேட்டாள். காத்து கருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கடைசியில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில்தான், நோயை எதிர்க்கிற சக்தியே திரும்பி மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார்கள். பிழைக்கவில்லை. அப்போது எடுத்த ரத்தம் மிச்சம் இருக்கிறது, ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா, அழித்துவிடலாமா என்று இப்போது போன் வந்தது.

"எரிச்ச பொண்ண மறுபடியும் குத்துவாங்களா? வேணாம்னு எழுதிட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர்.

மரக்காணத்தில் காலை 6.10க்கு பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். டாக்டருக்காக, நான் வேலை செய்கிற உப்பளத்திலிருந்து ஒரு பை உப்பு எடுத்துப்போனேன்.

"ஏம்மா, மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"உங்க வூட்டுக் கொழம்புல உப்பே போடறதில்லீங்களா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ரொம்ப நாளுக்குப் பிறகு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். உப்பைக் கையில் கொடுக்கக் கூடாதே, டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். நான் கேட்டதும் ரத்தக் குப்பியைக் காட்டினார். சுண்டுவிரல் அளவுதான், அம்முலு.

"தூக்கம் போனதால இது வந்துச்சா, இது வந்ததால தூக்கம் போச்சா மேடம்?"

"அதத்தாம்மா நாங்களும் தேடறோம். முதல்ல எந்த நாள்லருந்து தூங்கலை, ஞாபகம் இருக்கா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உப்பளத்தில் வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும், நானும் அவளும் விடியுமுன்பே கிளம்பிவிடுவோம். காய்ச்சல் விட்ட பிறகு ஐந்து நாள், நான் எழுப்புமுன் அவள் தலைவாரி வாசலில் நின்றாள். "எம்பொண்ணு எனக்கு முன்னாடி ரெடி பாரு" என்று அளம் முழுக்கப் பெருமையடித்தேன். அவள் படுக்கவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

டாக்டரம்மா அந்த ஐந்து நாளையும் எழுதிக்கொண்டார். நான் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை.

இதுபோல் போகிறவர்கள் ஆதார், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டையும் எடுத்துப்போங்கள். ஒரு மணிக்குமேல் ஆட்கள் இருக்க மாட்டார்கள். போகாதவர்களுக்கும் ஒன்று: வீட்டில் யாராவது திடீரென்று வேலைக்கு முதல் ஆளாக நின்றால் உடனே மெச்சாதீர்கள். நேற்று தூங்கினாயா என்று கேளுங்கள்.

அம்முலு, அந்த ஐந்து நாளும் வரப்பில் என் பின்னாலேயே வந்தாயே. தூக்கம் வரலம்மா என்று சொல்ல வாயெடுத்து, நான் பெருமைப்பட்டதைப் பார்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டாயா?