கதிரையில்லாத மேடை

அறிவித்தல், நிகழ்ச்சிநிரல், முன்மொழிவு, வழிமொழிவு எல்லாம் கிராமச் சங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பழகியவன் நான். கவிஞருக்கு மேடையில் அமரக் கதிரை கொடுப்பதா என்று ஆராய்ந்த கூட்டம்தான் நான் கண்டவற்றில் மிக ஒழுங்காக நடந்தது.

மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு வயலூர். அங்கே புது வாசிகசாலை திறக்க வேண்டும். பிரதம விருந்தினராக வர இணங்கிய காரியாதிகாரி, வானொலிப் போட்டியில் பரிசு பெற்ற எங்கள் பகுதிக் கவிஞரும் மேடையில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். அதிகாரி வெளியூர்க்காரர், ஊர்ச் சிக்கல் தெரியாது. கவிஞர், தாழ்ந்த சாதியென்று ஊர் ஒதுக்கிவைத்த குடும்பத்தவர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருக்க, அவரை மணலில் இருத்தினார்கள். முதற் கவிதை அந்த மணலைப் பற்றியது. பிறகு, தன் சனத்துக்கு மட்டும் கிளாஸ் தராமல் போத்தலில் தேநீர் ஊற்றிய கடைகளுக்கு முன்னால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நின்றார். எங்கள் அழைப்புக்கு ஒரு வரியில் பதில் வந்தது: வருகிறேன், மேடையில் எனக்கும் கதிரை வேண்டும்.

அவசரக் கூட்டம் கூடியது. கால்களை அறுத்துப் பதிவாக்கிய கதிரை கொடுக்கலாம் என்றார் ஒருவர். நல்ல கதிரையே கொடுத்து, பிறகு எரித்துவிடலாம் என்றார் பொருளாளர். தேக்கு என்று யாரோ ஞாபகப்படுத்தியதும் பிரேரணையை வாபஸ் பெற்றார். கடைசியில் தலைவர் வழி கண்டார்.

"ஒருத்தருக்கும் கதிரை வேண்டாம். எல்லாரும் நிப்பம்."

ஏகமனதாக நிறைவேறியது. காற்றோட்டம் கருதி என்று காரணம் எழுதினேன்.

விழாவன்று பெரிய மனிதரெல்லாம் மேடையில் வரிசையாக நின்றார்கள். கவிஞர் ஏறினார், மேடையை ஒருமுறை பார்த்தார், வாசிக்கத் தொடங்கினார். முடிந்ததென்று எல்லாரும் கை தட்டினோம்.

"இனி இரண்டாம் பாகம்" என்றார்.

மூன்றாம் பாகத்தில் வெயில் மேடைக்கே வந்துவிட்டது. தலைவருக்கோ வாத முழங்கால்.

"தம்பி, இன்னும் எத்தினை பாகம் கிடக்கு?"

"கதிரை வருமட்டும் இருக்கு, ஐயா."

"உமக்கு நிண்டு பழக்கம் போல."

"ஓம், கடை வாசலிலை நிண்டு பழகினனான். உங்களுக்கு ஏலாட்டி இறங்கி மணலிலை இருங்கோ. நான் படிச்சதே அதிலை இருந்துதான்."

முன்னால் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். காரியாதிகாரி என் பக்கம் குனிந்தார்.

"கிளாக்கர், ஏன் கதிரை இல்லை?"

"காற்றோட்டத்துக்கு, சேர்."

"நல்ல காத்துத்தான்" என்று நெற்றியைத் துடைத்தார்.

நான்காம் பாகத்தின் நடுவில் தலைவர் கத்தினார்: "டேய், கதிரையளைக் கொண்டு வாங்கோடா!"

ஏகமனதான தீர்மானத்தை மாற்ற முன்னறிவித்தல் வேண்டும் என்று அவர் காதில் சொன்னேன். கேட்கும் நிலையில் அவர் இல்லை.

முதலில் வந்த கதிரையைக் கவிஞரே வாங்கி நடுவில் போட்டு, அதில் அமர்ந்தார். அவர் பக்கத்தில் இருப்பதா என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் யாரையும் பார்க்காமல் அடுத்த கதிரையில் விழுந்தார்.

கவிஞர் கடைசிப் பாகத்தை வாசித்தார். அது நாலே வரி. காரியாதிகாரி மாலையோடு வந்தபோதும் அவர் எழும்பவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்தபடி, கழுத்தை மட்டும் நீட்டினார்.