எனக்காக நானே காத்திருந்தேன்

மாட்டுங்கா மெஸ்ஸின் எச்சில் இலைகளைச் செம்பூர் கல்லூரித் தோட்டத்து உரக்குழிக்குக் கொண்டுபோவது இன்று முதல் என் வேலை.

ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கூச்சத்தில் கூடையைக் கல்லூரி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"அரே, நீயும் ஃபர்ஸ்ட் இயரா? ஜல்தி வா!" என்றாள் மண்வெட்டியோடு நின்ற ஒரு மாணவி.

தலையாட்டிவிட்டேன்.

குழியைச் சுற்றி எல்லாரும் நின்றோம். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அமெரிக்கா கோதுமைக்கு க்யூ நிக்கறோம். நம்ம குப்பையே நமக்கு உரம்னு காட்டலாம்னா, இலை கொண்டுவர்ற பொண்ணைக் காணுமே!"

"தூங்கியிருப்பா, சார்!" என்றாள் அந்த மாணவி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பு கலைந்து வெளியே வந்தால், என் கூடையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

நாளை எந்த முகத்தோடு கூடையைச் சுமந்து உள்ளே போவது? யாராவது சொல்லுங்களேன்.