பதினோரு கார், ஒரு ஜோடி வைப்பர்

1. மழையில் போடாதே

மாமல்லபுரம் கார் ஸ்டாண்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வாடகைக் கார் ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று பார்த்துத் தரும் சான்று அது. விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் சரியாக இருந்தன. வைப்பரின் ரப்பர் மட்டும் பாதி கிழிந்து, வௌவால் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எஃப்.சி. மைதானத்துக்கு வெளியே வரிசையில் நின்றபோதுதான் அதைக் கவனித்தேன்.

கார் ஓட்ட வருவதற்கு முன் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பத்திரிகை நின்றுபோனதால் ஸ்டியரிங்குக்கு வந்தவன். அடுத்தவர் எழுதியதில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தால் எதிர் மேஜையிலிருந்தே சொல்லிவிடுவேன். மூக்குக்கு முன்னால் தொங்கிய ரப்பர் அத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

துணைக்கு வந்திருந்த ஸ்டாண்டு செயலாளர் ஏழுமலை தன் டிக்கியைத் திறந்து, பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். உள்ளே பளபளவென்று ஒரு ஜோடி வைப்பர் பிளேடு.

"இது என்னண்ணே?"

"எஃப்.சி. ஜோடி. ஸ்டாண்டு பொதுச் சொத்து. மாட்டிக்கினு உள்ள போ. பாஸானதும் கழட்டி என் கைல குட்த்துடு."

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டுமேண்ணே. மேகம் கட்டியிருக்கு."

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழைல போட்டா ரப்பர் வீணாப் பூடும் நைனா!"

இன்ஸ்பெக்டர் வைப்பரைப் போடச் சொன்னார். காய்ந்த கண்ணாடியில் அது இரண்டு முறை போய் வந்தது. பாஸ். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் கிழிந்த ரப்பரோடு, எதிரே வருவது பஸ்ஸா மரமா என்று ஊகித்தபடி வந்தேன். எனக்கு முன்னால் ஏழுமலையின் டிக்கியில், லுங்கித் துணிக்குள், நல்ல ஜோடி ஒரு சொட்டு நனையாமல் ஊர் வந்து சேர்ந்தது.

2. வைப்பர் வாத்தியார்

ஸ்டாண்டில் பதினோரு வண்டிகள். அத்தனைக்கும் அந்த ஒரு ஜோடிதான். எல்லா வண்டிக்கும் ஆகவேண்டும் என்பதற்காகக் குட்டையான பிளேடாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். வைப்பர் கையின் கொக்கி சிறிதாக உள்ள வண்டியில் அது ஆடும். அதற்கு ஒரு சைக்கிள் டியூப் துண்டைச் சொருகி இறுக்குவோம். சோம்பல்தான் இதற்கெல்லாம் காரணம். மழை பெய்யும்போது வைப்பர் வாங்கக் கடைக்குப் போக முடியாது. மழை விட்டதும் வைப்பர் ஞாபகம் வராது.

சில மாதங்களில் அந்த ஜோடி என் பொறுப்புக்கு வந்தது. "பேப்பரு, நீதான் எதையும் மடிச்சி பத்திரமா வெப்ப" என்றார் ஏழுமலை. ஸ்டாண்டில் என் பெயர் பேப்பர்.

பொறுப்பு வந்ததும் நான் வாத்தியாராகிவிட்டேன். நான் சொன்னவை இவை. பிளேடு வாங்கும்போது பழைய பிளேடை இஞ்சு டேப்பால் அள. இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்காது. வைப்பர் கையின் கொக்கி அகலத்தைப் பார். கடை வாசலில் வெயிலில் தொங்குவதை வாங்காதே. அது விற்பதற்கு முன்பே பாதி செத்திருக்கும். ரப்பரின் விளிம்பை விரலால் லேசாக மடக்கு. வெடிப்புத் தெரிந்தால் கீழே வை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் விளிம்பை நீளவாக்கில் துடை, துணியில் கறுப்பு வராத வரை. காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடவே போடாதே.

கடைசியாகச் சொன்னதை எங்கள் ஸ்டாண்டில் தினமும் சொல்லவேண்டும். எதிரே சிற்பப் பட்டறை. கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் கல் தூள் பறந்து வந்து வண்டி மேல் மாவு போலப் படியும். அப்படியே வைப்பரைப் போட்டால் கண்ணாடியிலும் சிற்பம் உருவாகும். என் கண்ணாடியில் அப்படி உருவான இரண்டு வளைவுகள் உண்டு. மற்றவர்களிடம் உதாரணமாகக் காட்டுவேன்.

ஆம், என் வண்டியில் அப்போதும் பழைய கந்தல்தான். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். கண்ணாடி அப்பளம் பொரித்த சட்டி போல் ஆனது. லாரிக்காரர்கள் செய்வார்கள் என்று பீடித் தூளை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்தேன். மழை வழிந்ததோ இல்லையோ, வண்டிக்குள் நாற்றம் தங்கிவிட்டது. பாடம் மட்டும் தடையில்லாமல் நடந்தது.

3. தலை நீட்டியவர்

எங்களுக்கு ஓட்டம் தருவது கடற்கரையோர ஹோட்டல் ஒன்றின் டிராவல் டெஸ்க். அந்த வேலை போனால் ஸ்டாண்டில் பாதிப் பேர் வண்டியை விற்கவேண்டியதுதான். டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டவர் செலின் மேடம். ஆயுத பூஜை நாளன்று மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணா, ஏர்போர்ட் போன கெஸ்ட் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. மழையில டிரைவர் தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டே ஓட்டினாராம். யாரு அது?"

"விசாரிக்கிறேன் மேடம்."

"உங்க வண்டி நம்பர்தான் போட்டிருக்கு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"சென்னையில இருந்து ஒரு டிராவல்ஸ் கம்பெனி மூணு மாசமா இந்த ஓட்டத்தைக் கேட்டுட்டிருக்காங்க. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா எங்க ஜி.எம். அவங்களுக்கே குடுத்துடுவார். நாளைக்கு நான் பொத்தேரி போறேன், பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. உங்க வண்டியில வர்றேன். நானே பார்க்கிறேன்."

மறுநாள் விடுமுறை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்காது. வானம் கறுத்திருந்தது. லுங்கித் துணியைப் பிரித்தேன். ஸ்டாண்டு வரலாற்றில் முதல் முறையாக எஃப்.சி. ஜோடி மழைக்குப் போகப் போகிறது. ஏழுமலையிடம் சொல்லவில்லை. கொக்கி ஆடியதால் சைக்கிள் டியூப் துண்டைச் சொருகினேன்.

4. திருக்கழுக்குன்றம் ரோட்டில்

செலின் மேடம் முன் சீட்டில் உட்கார்ந்தார். "எனக்கும் ரோடு தெரியணும்" என்றார்.

ஊரைத் தாண்டியதும் தூறல் விழுந்தது. நான் பெருமையாக வைப்பரைப் போட்டேன். முந்தின நாள் பூஜையில் ஏழுமலை பதினோரு வண்டிக்கும் கண்ணாடியில் மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். பக்தி மிகுதியில் பட்டைகளைத் தடிமனாகவே போட்டிருந்தார். அதன் மேல் ராத்திரிக் காற்றில் வந்து படிந்த கல் தூள். வைப்பர் அத்தனையையும் குழைத்துக் கண்ணாடி முழுக்கச் சமமாகப் பூசியது. வெளியே ஊர் மஞ்சளாகத் தெரிந்தது.

"அண்ணா, ரோட்டைக் காணோமே."

"மழை வலுத்தா கழுவிடும் மேடம்."

மழை வலுத்தது. சந்தனம் கழுவிக்கொண்டு போனது. குட்டைப் பிளேடு இரண்டு சிறிய விசிறி அளவுக்குத் துடைத்தது. அதன் வழியே குனிந்து பார்த்து ஓட்டினேன். திருக்கழுக்குன்றத்தை நெருங்கியபோது மலையே தெரியாத அளவுக்கு ஊற்றியது. வைப்பரை வேகத்தில் வைத்தேன். மூன்றாவது வீச்சில் என் பக்கத்து பிளேடு டியூப் துண்டோடு கழன்று, பறந்து, வயலுக்குள் விழுந்தது. வெறும் இரும்புக் கை கண்ணாடியில் 'கிரீச்' என்று ஒரு கோடு போட்டது.

ஓரமாக நிறுத்தினேன். வாத்தியாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டப் போனேன்.

"அண்ணா, உள்ள வாங்க" என்றார் செலின் மேடம். "என் பக்கத்துல இருக்கிறதை எடுத்து உங்க பக்கம் போடுங்க. நான் ரோட்டைப் பார்த்து என்ன ஆகப்போகுது? நீங்கதானே பார்க்கணும்."

இத்தனை நாள் நடத்திய பாடத்தில் இது இல்லை. நனைந்துகொண்டே இறங்கி, இடது பிளேடைக் கழற்றி வலது பக்கம் மாட்டினேன். இடது பக்கத்து இரும்பு கண்ணாடியைக் கீறாமலிருக்க என் துண்டை அதில் சுற்றிக் கட்டினேன். அங்கிருந்து செங்கல்பட்டு வரை துண்டு செலின் மேடத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த பிளேடு எங்க வாங்கினது?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். எஃப்.சி. ஜோடி, லுங்கித் துணி, மழையில் போடக்கூடாது என்ற விதி, எல்லாம்.

"பதினோரு வண்டிக்கும் ஒரே ஜோடியா?"

"இப்ப ஒத்தைதான் மேடம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்படித்தான் என் கெஸ்ட்டையெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டிருக்கீங்க. திங்கக்கிழமை எல்லா வண்டியும் எங்க போர்ட்டிகோவுக்கு வரணும். தண்ணி அடிச்சு வைப்பரைப் பார்ப்பேன். ஒரு வண்டியில ரோடு தெரியலைன்னாலும், பதினோரு வண்டியும் வேண்டாம்."

5. போர்ட்டிகோவில் மழை

ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தலைமுறை தலைமுறையா காப்பாத்துன ரகசியம்யா அது. பேப்பர்காரன் கைல குட்த்தா நியூஸாயிடும்னு எனக்குத் தோணாமப் போச்சே! அத்த மழைல வேற போட்டுக்கினு போயிருக்க."

"ஓட்டம் போயிடும்ணே. திங்கட்கிழமைக்குள்ள எல்லாரும் வாங்கணும்."

"இன்னாத்துக்கு எல்லாரும்? அஞ்சு ஜோடி வாங்கு. ஒரு வண்டி பாஸாயி வெளிய வருதா, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால கழட்டு, அடுத்த வண்டிக்கு மாட்டு. மேட்டர் ஓவர்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் நல்ல திட்டமாகத்தான் பட்டது. மறுநாள் ஹோட்டலில் ஒருவரை இறக்கிவிடப் போனபோது செலின் மேடம் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை ஒவ்வொண்ணா வரவேண்டாம்ணா. வரிசையா நிக்கட்டும். எல்லாரையும் ஒரே நேரத்துல போடச் சொல்லப்போறேன்."

"எதுக்கு மேடம் அப்படி?"

"நானும் இந்த ஊர்தாண்ணா."

வேறு வழியில்லை. டெய்லரிடம் டேப் வாங்கி, பதினோரு வண்டியின் வைப்பரையும் அளந்தேன். வலது, இடது, கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, செங்கல்பட்டுக் கடையில் நிழலில் இருந்த சரக்கை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் விளிம்பையும் மடக்கிப் பார்த்து வாங்கினேன். கண்ணாடிகளிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீர் விட்டுக் கழுவினோம். மிச்சமிருந்த சந்தனத்தைச் சுரண்டும்போது ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வண்டிக்குக் கடைசியாக, திங்கட்கிழமை காலையில், அவசரமாக மாட்டினேன். பிளேடை மாட்டும்போது கொக்கி 'டக்' என்று உட்காரவேண்டும், இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. அதையெல்லாம் சரியாகவே பார்த்தேன்.

போர்ட்டிகோ ஓரமாகப் பதினோரு வண்டிகளும் வரிசையாக நின்றன. நல்ல வெயில். ஹோட்டல் ஜி.எம். படியில் நின்றார். தோட்டக்காரர் ஹோஸ் பைப்பைத் திறந்து, முதல் வண்டியிலிருந்து கடைசி வரை மழை பொழியவிட்டார். செலின் மேடம் கையை உயர்த்தினார்.

"போடுங்க!"

என் பக்கத்திலிருந்த பத்து வண்டிகளிலும் வைப்பர்கள் ஒன்றாக எழுந்து, ஒன்றாகச் சாய்ந்தன. கண்ணாடிகளுக்குப் பின்னால் பத்து முகங்கள் தெளிவாகத் தெரிந்திருக்கும். படியிலிருந்த ஜி.எம். தலையாட்டினார்.

என் வண்டியில் இரண்டு பிளேடுகளும் எழுந்தன, நடுவில் சந்தித்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கைகோத்துக்கொண்டு நின்றுவிட்டன. மோட்டார் முனகியது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எதிரே செலின் மேடம் என் வண்டியை நோக்கி வருவது கலங்கலாகத் தெரிந்தது. அன்று திருக்கழுக்குன்றம் ரோட்டில் செய்த பாடம் கையில் தங்கிவிட்டிருக்கிறது. இடது பக்கத்துக்கானதை வலதிலும் வலதுக்கானதை இடதிலும் மாட்டியிருந்தேன்.

பதினோரு வண்டியும் வேண்டாம் என்று சொன்னவர் என் கண்ணாடியருகே வந்து நின்றார். அவர் குனிந்து, பின்னிக்கிடந்த பிளேடுகளைப் பார்த்தார்.

"அண்ணா, எல்லாருக்கும் நீங்கதானே அளவு எடுத்துக் குடுத்தீங்க?"

"ஆமா மேடம்."

பக்கத்து வண்டியிலிருந்து ஏழுமலை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "பேப்பரு! தப்பா அச்சாயிருக்கு பாரு. எறங்கி திருத்தம் போடு!"

முதலில் சிரித்தது ஜி.எம். அப்புறம்தான் செலின் மேடம். "மாத்திட்டு வாங்கண்ணா. தண்ணி நிக்காது, தோட்டக்காரர் அடிச்சிட்டே இருப்பாரு" என்றார்.

மற்ற பத்து வண்டிகளின் வைப்பர்களும் ஆடிக்கொண்டிருக்க, ஹோஸ் மழையில் நனைந்தபடி இறங்கி இரண்டையும் கழற்றி மாற்றினேன். ஓட்டம் இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது. புதிதாக ஸ்டாண்டுக்கு வரும் டிரைவர்களுக்கு இப்போது நான் நீண்ட பாடம் எடுப்பதில்லை. இரண்டு வரிதான் சொல்கிறேன். வைப்பரைத் தண்ணீர் ஊற்றிப் பார். நீளமானது டிரைவர் பக்கம்.