வாளியில் மிஞ்சிய நாலு போல்ட்

இதை எழுதும்போது கூட இடுப்பு லேசாக வலிக்கிறது.

மறுநாள் விடிந்ததும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்ற வேண்டியிருந்தது. டிரெய்லரின் பக்கப் பலகைகளை இறுக்கும் நட்டும் போல்ட்டும் துருவேறிக் கிடந்தன. அன்று காலையிலேயே கழற்ற ஆரம்பித்தேன்.

"கழட்டுன நட்ட அந்தந்த போல்ட்டுலயே மாட்டி வைங்க" என்றாள் என் மனைவி செல்வி.

"நீ சட்டைக்கு பட்டன் தைக்கிற வேலய பாரு" என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வாளி டீசலில் ஊறப்போட்டேன். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தன. உற்சாகத்தில், வீட்டில் கண்ணில் பட்ட துரு போல்ட்டையெல்லாம் கழற்றி அதே வாளியில் போட்டேன்.

மதியம் மாட்டப் போனால் ஒன்றும் சரியாக ஏறவில்லை. வெவ்வேறு சமயத்தில் வாங்கியவை. பார்க்க ஒரே அளவு, மரை மட்டும் வேறு வேறு. எது எதற்கு ஜோடி என்று காட்டிய அழுக்கையும் நானே தேய்த்துவிட்டேன்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, எல்லாம் புது மாப்ள மாதிரி மினுக்கிக்கினு இருக்குது. பொண்ணுதான் கெடைக்கல போல!"

பிறகு அவளே உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் விரலால் சுற்றிப் பார்த்து ஜோடி சேர்த்தாள். சாயங்காலத்துக்குள் டிரெய்லர் தயார். வாளியில் நாலு போல்ட் மிச்சம்.

"பாத்தியா, இது இல்லாமயே வண்டி நிக்குது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டில் என்னோடு தரைக்கு வந்தது.

இப்போதெல்லாம் செல்வி ஏதாவது சொன்னால், சிரிப்பதற்கு முன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.