மகளின் முகப்பூச்சும் வீட்டுக்காரரின் மூக்கும்

என் மகளுக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்தபோது, தன் முகத்துக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள். போன்தான் அவளுக்கு அதைச் சொல்லியிருந்தது. அவள் வயதுப் பிள்ளைகள் மினுமினுக்கும் முகத்தைக் காட்டி, காலையில் இதைப் பூசு, ராத்திரி அதைப் பூசு என்று சொல்லும் வீடியோக்களை, கணக்குப் பாடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில். நான் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தை, மாசிக் காற்றில் இங்கே பிள்ளைகளுக்குக் கன்னம் வெடிப்பது வழக்கம். போத்தலில் உறைந்துபோன தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கி, கன்னத்தில் தடவி அனுப்பிவிடுவோம். ஒருநாள் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்மா, துவாரம் அடைச்சிக்கும்."

எந்தத் துவாரம் என்று கேட்டேன். முகம் முழுக்கத் துவாரம்தான் என்றாள்.

அந்த நேரம் பார்த்து, டுபாயில் வேலை செய்யும் என் தங்கை லீவில் வந்தாள். மகள் முன்கூட்டியே சித்திக்கு வாய்ஸ் அனுப்பிச் சொல்லிவைத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் சொக்லட்டுக்கு மேலே ஒரு பை நிறையக் குட்டிக் குட்டிப் போத்தல்கள். ஒன்றில் நத்தைப் படம் போட்டிருந்தது.

"இது என்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"நத்தை விடுற கோழைப்பா. மூஞ்சில பூசுறது."

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மலையில அட்டைதான் நெறைய இருக்கு. அதக் கேட்டு ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்களே" என்றார்.

மறுநாளிலிருந்து குளியலறை அவள் வசமானது. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்ததைப் பூச வேண்டுமாம். கொடியில் போட்ட துணியே காயாத மூடுபனியில் முகம் எப்படிக் காயும்? வெளியே வேனில் மற்றப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர் ஹோர்ன் அடிப்பார். உள்ளேயிருந்து, "இன்னும் சீரம் காயலப்பா" என்று குரல் வரும். வேனில் இருந்த சின்னதுகளும் அவரோடு சேர்ந்து, "சீரம் காஞ்சிருச்சா" என்று கத்தப் பழகிக்கொண்டன.

கொஞ்ச நாளில் அவள் கன்னம் சிவந்தது. மூக்கோரம் தோல் எழும்பியது. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாள்.

"எல்லாத்தையும் நிப்பாட்டு" என்றேன்.

"அது வேலை செய்யுதும்மா. பழைய தோல் போயி புதுத் தோல் வருது."

"பதினொரு வயசுத் தோலு அதுக்குள்ள எப்படிடி பழசாச்சு?"

அன்று பின்னேரம் கண்ணிமையும் வீங்கி, அழுதுகொண்டே வந்தாள். அழுதால் கண்ணீர் பட்டு இன்னும் எரிந்தது. அதற்காக இன்னும் அழுதாள். பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பஜாரில் பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். "சின்னப் பிள்ளைட முகம் டீச்சர். நான் ஒண்டும் தர மாட்டன். ஹட்டன்ல பிள்ளைகள்ட டொக்டருக்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க" என்றார்.

மறுநாள் மூவரும் வேனில் ஹட்டனுக்குப் போனோம். வீட்டுக்காரர் கம்பளித் தொப்பியைக் கண் மட்டும் தெரிய இழுத்து விட்டிருந்தார். கேட்டதற்குப் பல்வலி என்றார்.

பிள்ளைகளுக்கான டொக்டர் ஒரு சிங்கள அம்மா. நிதானமான தமிழில் பேசினார். போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியே எடுத்தார்.

"இது முகச் சுருக்கத்துக்கு. என் வயசுக்காரங்க பூசுறது. பிள்ளைக்குச் சுருக்கம் இருக்கா?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பிள்ளைங்க தோல் மெல்லிசு. இது அத எரிச்சிரும். எல்லாம் நிப்பாட்டணும். காரமில்லாத சோப்பு, முகம் ஈரமா இருக்கிறப்ப வாசனை இல்லாத சாதா கிரீம், வெளிய போறப்ப வெயில் கிரீம், தொப்பி. பனி மூடியிருந்தாலும் இங்க வெயில் சுடும். அவ்வளவுதான்."

எரிச்சலுக்கு மருந்து எழுதிவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்தார். "அப்பாவுக்கு என்ன?"

"பல்வலி, டொக்டர்."

"தொப்பியக் கழட்டுங்க."

கழற்றினார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. மூக்கு, கழுவிய புது உருளைக்கிழங்குபோலத் தோலுரிந்து நின்றது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

"அப்பா" என்றாள் மகள் மெதுவாக. "போத்தல் குறையுதேன்னு நான் அம்மாவையில்ல சந்தேகப்பட்டேன்."

வேனில் வரும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அங்கிள், ஒங்க மூஞ்சி நம்ம ரோட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறது. எங்கள் ரோட்டில் போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். மனிதர் அன்றிலிருந்து நாங்கள் தூங்கிய பிறகு பூசியிருக்கிறார். மகள் ஒரு சொட்டுப் பூசினால் இவர் உள்ளங்கை நிறைய. டொக்டர் இன்னொரு துண்டுக் காகிதம் எடுத்து அவருக்கும் மருந்து எழுதினார்.

திரும்பி வரும்போது நோர்வூட்டில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அங்கேதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அந்த வீடியோவுல வர்ற பிள்ளைங்க மூஞ்சில ஒண்ணுமே இல்லம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு. நான் மட்டும்தான் வெடிச்சுப் போயி இருக்கேன்."

வீட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "கண்ணாடின்னா கல்லு பட்டா ஒடைஞ்சிரும் மகள். தோலுன்னா ஆறிரும்" என்றார்.

"நீங்க பேசாதீங்கப்பா. மூக்கு உரிஞ்சு டீக்குள்ள விழப்போகுது."

பிறகு அவளே சிரித்தாள். சிரிக்கையில் கன்னம் இழுத்து வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் எனக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அவர், இருவருக்கும் கன்னம் சிவந்து கிடக்கிறது. பூசை முடிந்ததும் எங்கள் பாடசாலை அதிபரின் மனைவி என்னைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், வீட்டுலயும் ஸ்கூல்லயும் வேலை கூடுனா கோவம் வரத்தான் செய்யும். அதுக்காகக் கைய நீட்டலாமா? பிள்ளையத்தான் விடுங்க, அந்த மனுசன் பாவமில்லையா?"

நான் நத்தையிலிருந்து தொடங்கி விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. எனக்காகச் செபம் சொல்வதாகச் சொன்னார்.

இருவருக்கும் முகம் ஆற அந்த மாதம் முடிந்துவிட்டது. சாதா கிரீமை அப்பாவும் மகளும் ஒரே டப்பாவில் தொட்டுப் பூசினார்கள். அவர் அதிகம் எடுக்கிறாரா என்று மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வாள்.

இந்த வருசம் அவளுக்கு நெற்றியில் முதல் பரு வந்தது. என் முன்னால் வந்து நின்று, "இத என்னா செய்யிறதும்மா?" என்று கேட்டாள். கிள்ளாமல் இருந்தால் போதும் என்றேன். சரியென்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னேரம் வந்ததும் வராததுமாக, அவள் வகுப்பில் யார் யாருக்கெல்லாம் பரு வந்திருக்கிறது என்று தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.